பருமனைப் பார்த்து எடை சொல்லும் எந்திரம்

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் பழம் பிரிப்பவர்களின் கை வேகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கும் குவியல் பெரிது, நடுத்தரம், பொடி என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பிரிந்துவிடும். அந்தக் கைகள் பார்ப்பது பருமனை மட்டும்தான். எடையைத் தராசு பார்த்துக்கொள்ளும். ஒரே பருமனில் இரண்டு பழங்கள் இருந்தாலும் ஒன்று தோல் மெலிந்து, சாறு நிறைந்து கனக்கும். மற்றது தோல் தடித்துச் சக்கையாக இருக்கும். கைக்கு இரண்டும் ஒன்று, தராசுக்கு வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் எந்த வியாபாரியும் தராசை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்கு வருவதில்லை.

வேதியியல் ஆய்வகங்களில் ஓர் எந்திரம் அறுபது ஆண்டுகளாகத் தராசு இல்லாமலே வியாபாரம் செய்கிறது. தண்ணீர்க் குழாய், ரப்பர், அறுவை மருத்துவத் தையல் நூல், பாசியிலிருந்து எடுக்கும் கூழ்மம், சில ஊசி மருந்துகள் என எல்லாமே பாலிமர்கள், அதாவது நீளமான மூலக்கூறுச் சரடுகள். சரடு எவ்வளவு நீளம், அதன் எடை என்ன என்பதைப் பொறுத்துத்தான் குழாய் வெடிக்குமா தாங்குமா, தையல் எத்தனை நாளில் கரையும், மருந்து ரத்தத்தில் எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் முடிவாகிறது. அந்த எடையைச் சொல்லும் முக்கிய வழி, ஜெல் பெர்மியேஷன் குரோமட்டோகிராபி. ஆய்வகத்தில் சுருக்கமாக ஜிபிசி என்பார்கள். அது தரும் அறிக்கையில் 1,87,432 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்று கடைசி இலக்கம் வரை அச்சாகியிருக்கும். அந்த ஆறு இலக்கங்களில் முதல் இலக்கத்தையே சில நேரம் நம்ப முடியாது.

எந்திரத்தின் வேலையைப் புரிந்துகொள்ள ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதியை நினைத்தால் போதும். ராயகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வீதியின் ஒரு முனையில் சேர்ந்து நுழைகிறது. பெரியவர்கள் எந்தக் கடைக்குள்ளும் நுழையாமல் கூட்டத்தோடு நேரே நகர்ந்து மறுமுனையில் போய் நிற்கிறார்கள். பிள்ளைகள் வளையல் கடை, பொம்மைக் கடை, மிட்டாய்க் கடை என்று ஒவ்வோர் இடுக்கிலும் தலையை விட்டு எடுத்துக் கடைசியாக வந்து சேர்கிறார்கள். எந்திரத்தின் உலோகக் குழலுக்குள் நடப்பதும் இதுதான். குழல் நிறைய நுண்ணிய மணிகள். மணிக்கு மணி ஆயிரம் துளைகள். பெரிய சரடுகள் துளைக்குள் போக முடியாமல் கரைப்பானோடு நேரே ஓடி முதலில் வெளியே வரும். சின்னவை ஒவ்வொரு துளையிலும் நுழைந்து தாமதமாக வரும். 1959-இல் ஸ்வீடனைச் சேர்ந்த போராத்தும் ஃப்ளோடினும் புரதங்களைப் பிரிக்க இந்த வழியைக் காட்டினார்கள். 1964-இல் அமெரிக்காவின் டவ் நிறுவனத்தில் மூர் என்பவர் பாலிஸ்டைரீன் மணிகளைக் கொண்டு பிளாஸ்டிக்குகளுக்கும் அதைப் பொருத்தினார்.

வரும் நேரத்தை வைத்து ஆளின் உருவத்தை ஊகிக்கலாம். எடையை எப்படிச் சொல்வது? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எடை முன்பே தெரிந்த சில சரடுகளை முதலில் ஓடவிட்டு, இன்ன நேரத்தில் வந்தால் இன்ன எடை என்று ஒரு கோடு வரைந்துகொள்கிறார்கள். அந்த அளவுகோல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். தெர்மோகோலுக்கு மூலமான அதே பொருள். ஏறக்குறைய ஒரே நீளமுள்ள சரடுகளாக அதைத் தயாரிக்க முடியும் என்பதுதான் காரணம். வெளிநாட்டிலிருந்து சின்னச் சின்னக் குப்பிகளில் வருகிறது. எந்தப் பொருளை அளந்தாலும் கோடு மட்டும் இதுவே.

இங்கேதான் சக்கை எலுமிச்சை வருகிறது. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பாலிஎத்திலீன் சரடும் பாலிஸ்டைரீன் சரடும் ஒரே பருமனில், ஒரே நேரத்தில் குழலை விட்டு வெளியேறலாம். ஆனால் பாலிஸ்டைரீன் தன் முதுகெலும்பின் நெடுகக் கனத்த வளையங்களைச் சுமந்துகொண்டு நடக்கும். பாலிஎத்திலீனுக்கு அந்தச் சுமை இல்லை. அதே பருமனில் அதன் எடை பாலிஸ்டைரீனின் எடையில் 43 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். திருத்தாமல் எழுதினால் குழாய்ப் பொருளின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஊதிக் காட்டப்படும். கரையும் தையலுக்குப் பயன்படும் பாலிலாக்டிக் அமில வகையில், பாலிஸ்டைரீன் கோட்டில் படித்த எண்ணை 0.58 ஆல் பெருக்கினால்தான் உண்மைக்குப் பக்கத்தில் வரும். இந்தத் திருத்தங்கள் துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1967-இலேயே பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பெனுவாவும் கூட்டாளிகளும், பாகுத்தன்மையையும் எடையையும் பெருக்கிக் கிடைக்கும் அளவைக் கொண்டு எல்லாப் பாலிமர்களையும் ஒரே கோட்டில் கொண்டுவரலாம் என்று காட்டிவிட்டார்கள். ஆனாலும் ‘பாலிஸ்டைரீனுக்கு இணையான எடை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எடை’ என்று மட்டும் எழுதி முடிக்கும் ஆய்வேடுகளுக்கும் அறிக்கைகளுக்கும் இன்றும் பஞ்சமில்லை. முன்னால் நிற்கும் இரண்டு சொல் விட்டுப்போவதில் எடையே மாறிவிடுகிறது.

அடுத்த பிழை பம்பில் ஒளிந்திருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு குழலில் 10 மில்லிலிட்டர் கரைப்பான் ஓடியபின் 10 லட்சம் டால்டன் சரடும், 20 மில்லிலிட்டர் ஓடியபின் 1,000 டால்டன் சரடும் வருவதாக வைத்துக்கொள்வோம். வெறும் 10 மில்லிலிட்டர் இடைவெளிக்குள் எடை ஆயிரம் மடங்கு மாறுகிறது. நட்ட நடுவில், 15 மில்லிலிட்டரில் வரும் சரடின் எடை சுமார் 31,600. பம்பு சொன்னதைவிட 1 சதவீதம் மெதுவாக ஓடினால் அந்தச் சரடு 0.15 மில்லிலிட்டர் தாமதமாக வந்ததாக எந்திரம் பதிவு செய்யும்; எடை 28,500 என்று அச்சாகும். ஓட்டத்தில் 1 சதவீதப் பிழை, எடையில் 10 சதவீதப் பிழை. பால்காரர் படியில் நூற்றுக்கு ஒன்று குறைத்தால் வீட்டுக்கு வருவது நூற்றுக்கு ஒன்று குறைந்த பால்தான். இந்த எந்திரம் அதைப் பத்தாகப் பெருக்கிக் கொடுக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறிது டொலுவீனைக் கலந்து அனுப்பி, அது சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்தால் இந்தப் பிழையைப் பிடித்துவிடலாம். செலவு சில சொட்டுகள்தான். அந்தச் சொட்டுகளைச் சேர்க்கவும் சோம்பல் வருகிறது.

இனி அந்த ரத வீதியில் நடக்கும் மற்ற கோளாறுகள். பெரியவர் ஒருவர் வழியில் சொந்தக்காரரைப் பார்த்துப் பேச நின்றுவிட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து தாமதமாக வருவார். வாசலில் நேரம் குறிப்பவர் அவரையும் சிறுவன் கணக்கில் எழுதிவிடுவார். சரடு மணியில் ஒட்டிக்கொண்டால் நடப்பது அது. நான்கு பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு வந்தால் எந்தக் கடைக்குள்ளும் நுழைய முடியாது; பெரியவர் கணக்கில் சேர்வார்கள். சரடுகள் திரண்டு கட்டியானால் அப்படி. மிக நீளமான சரடுகள் நெரிசலில் அறுந்தே போவதும் உண்டு.

வீதிக்குள் நுழையாமலே திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்து இயற்கை ரப்பர் இதற்கு நல்ல சாட்சி. ரப்பரைக் கரைப்பானில் போட்டால் ஒரு பகுதி கரையும். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இன்னொரு பகுதி கூழாக ஊதி அப்படியே கிடக்கும். குழல் அடைத்துக்கொள்ளக் கூடாதென்று ஆய்வகத்தில் அந்தக் கூழை வடிகட்டி எறிந்துவிட்டு, தெளிந்த கரைசலை மட்டும் எந்திரத்துக்குக் கொடுப்பார்கள். வடிகட்டியில் தங்கியதுதான் ரப்பரின் மிகக் கனமான பகுதி. அறிக்கையில் வருவது தப்பிப் பிழைத்த பகுதியின் எடை. எத்தனை சதவீதம் வடிகட்டியில் நின்றது என்று எழுதாத அறிக்கை, பந்தியில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு ‘எல்லோரும் சாப்பிட்டாயிற்று’ என்று சொல்வதற்குச் சமம்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். எந்தச் சராசரி?

ஒரு பேச்சுக்கு, ராயகிரிப் பக்கம் பத்துப் பேருக்கு 100 ஏக்கர் நிலம். ஒன்பது பேரிடம் ஆளுக்கு ஓர் ஏக்கர், ஒருவரிடம் 91. ஆளுக்குச் சராசரி என்ன? 10 ஏக்கர். ஆனால் நூறு ஏக்கரிலும் ஒவ்வோர் ஏக்கராகப் போய் நின்று, ‘இந்த நிலத்துக்காரரிடம் மொத்தம் எத்தனை ஏக்கர்?’ என்று கேட்டு அதற்குச் சராசரி எடுத்தால் 83 வரும். எந்த அளவுக்காரரிடம் அதிக நிலம் இருக்கிறது என்று கேட்டால் பதில் 91. மூன்றும் கணக்குப்படி சரி. பாலிமரிலும் இதே மூன்று உண்டு: எண்ணிக்கைச் சராசரி, எடைச் சராசரி, வரைபடத்தின் உச்சி காட்டும் எடை. ‘மூலக்கூறு எடை’ என்று மொட்டையாகச் சொன்னால் மூன்றில் எது என்று கேட்பவருக்குத் தெரியாது.

இந்த மொட்டைச் சொல்லுக்காக ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் பிறந்து, டேவா நிறுவனம் கோபாக்சோன் என்ற பெயரில் விற்ற கிளாட்டிராமர், நரம்புறை அழற்சி நோய்க்கான ஊசி மருந்து. நான்கு அமினோ அமிலங்கள் கலந்து கோத்த சரடுகள் அதில் இருக்கின்றன. ஆண்டு விற்பனை 400 கோடி டாலரைத் தொட்ட மருந்து அது. காப்புரிமையில் அதன் மூலக்கூறு எடை ‘5 முதல் 9 கிலோடால்டன்’ என்று எழுதியிருந்தது. எந்தச் சராசரி என்று எழுதவில்லை. அதே மருந்தைத் தயாரிக்க முன்வந்த சாண்டோஸ், மைலன் ஆகியவற்றோடு ஹைதராபாத்தின் நாட்கோ பார்மாவும் எதிர்தரப்பில் இருந்தது. எந்த எடை என்றே தெரியாத உரிமை செல்லாது என்பது அவர்கள் வாதம். வரைபடத்தின் உச்சியைத்தான் சொன்னோம் என்றது டேவா. ஆனால் காப்புரிமையில் இருந்த படத்திலேயே உச்சி, சொன்ன எண்ணுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நின்றது; நேர வரைபடத்தை எடை வரைபடமாக மாற்றும்போது உச்சி நகரும் என்று நிபுணர் விளக்க வேண்டியதாயிற்று. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டேவாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அந்த ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் ‘தெளிவில்லை’ என்றே சொன்னது. சில மாதம் மீதமிருந்த உரிமை போனது. ‘உச்சி’ என்ற ஒரு சொல்லைக் காப்புரிமையில் எழுதியிருந்தால் இத்தனைக்கும் இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்தை அளப்பதற்கென்றே தனி அளவுகோல் சரடுகளை உருவாக்கி, அவற்றுக்கும் வைஸ்மன் தரப்பு பின்னர் காப்புரிமை வாங்கியது. அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

இது பணக்கார நிறுவனங்களின் சண்டை, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் மண்டபம் கடற்கரைக்குப் போய்வரலாம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள். மண்டபத்திலுள்ள மத்திய உப்பு, கடல்வேதிப் பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அந்த வளர்ப்பு முறையைப் பழக்கிக் கொடுத்தது. பாசியிலிருந்து எடுக்கும் கேராஜீனன், ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை எங்கும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதற்கு ஒரு விதி வைத்தது: 50,000 டால்டனுக்குக் குறைந்த சரடுகள் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அமிலத்தில் வெட்டிச் சிதைத்த குட்டைச் சரடுகள் சோதனை விலங்குகளின் குடலைப் பாதித்ததால் வந்த எச்சரிக்கை அது. நோக்கம் நியாயமானது. எப்படி அளப்பது என்பதுதான் சிக்கல். அந்தக் குட்டைச் சரடுகள் வரைபடத்தின் வாலில், உப்பும் கரைப்பானும் எழுப்பும் மேடுகளுக்குப் பக்கத்தில் வருகின்றன. வால் எங்கே முடிகிறது, அடிக்கோட்டை எங்கே போடுவது என்பதை எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். கோட்டை ஒரு நூல் தூக்கினால் சரக்கு தேறும். ஒரு நூல் இறக்கினால் திரும்பி வரும். கேராஜீனன் தயாரிப்பாளர்களின் உலகச் சங்கம் ஒரே மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தயாரிப்பாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சந்தேகப்படலாம். ஆனால் வாலை அளப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்பது எந்திரத்தோடு ஒரு வாரம் பழகிய எவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் குழாய் வியாபாரத்தைப் பாராட்டத் தோன்றுகிறது. ராயகிரியில் கிணற்றுக்குப் பிவிசி பைப் வாங்கும் விவசாயி ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்ப்பார், கையில் தூக்கிப் பார்ப்பார், வாங்கிப் போவார். அந்தப் பைப்புக்கான மாவைக் கடலூர் போன்ற ஊர்களில் தயாரிப்பவர்கள், சரடின் நீளத்தைச் சொல்ல டால்டன் கணக்கைத் தொடுவதே இல்லை. மாவைக் கரைத்து, கண்ணாடிக் குழாயில் அது வடியும் நேரத்தைப் பார்த்து, ‘கே மதிப்பு 67’ என்பார்கள். 1932-இல் ஜெர்மனியின் ஃபிக்கென்ச்சர் தந்த எண் அது. கே 67 என்றால் பைப்புக்கு ஆகும் மாவு. 57 என்றால் வேறு வேலைக்கு. தனக்குத் தெரியாத எடையைத் தெரிந்ததுபோல அது சொல்லவில்லை. கறுப்பு பாலிஎத்திலீன் குழாய்க்கும் அப்படித்தான். உருக்கினால் எவ்வளவு ஓடும் என்ற கணக்கே வழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பொருளை ஜிபிசியில் அளக்க வேண்டுமானால் டிரைகுளோரோபென்சீனில் கரைத்து 150 டிகிரிச் சூட்டில் ஓடவிட வேண்டும். எல்லா ஆய்வகத்தாலும் ஆகாது. ஆறு இலக்க எண்ணை அச்சிடும் ஆய்வகத்தைவிட, கே என்று ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் தொழிற்சாலை நேர்மையில் ஒரு படி மேல்.

எந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நேற்றைய சரக்கும் இன்றைய சரக்கும் ஒன்றா என்று பார்க்க ஒரே எந்திரம், ஒரே கோடு போதும். பிழையும் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருக்கும். ‘ஒப்பிடத்தானே பார்க்கிறோம்’ என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது அந்த அளவில் சரி. அந்த எண் ஆலையை விட்டு வெளியேறி ஆய்விதழுக்கோ, ஏற்றுமதிச் சான்றிதழுக்கோ, டெண்டர் தாளுக்கோ போகும்போதுதான் அந்தச் சமாதானம் செல்லாமல் போகிறது. அங்கே அதை வேறு எந்திரத்தின் எண்ணோடு வைத்துப் பார்ப்பார்கள்.

குழலின் முடிவில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சரடுகள் சிதறடிக்கும் ஒளியிலிருந்து நேரடியாக எடையைப் பெறும் உணரியும் இருக்கிறது. ஒளிச்சிதறல் என்றதும் தமிழர்களுக்குச் சர் சி. வி. ராமன் நினைவு வரும். இங்கே உதவுவது ராமன் விளைவு இல்லை. நிறம் மாறாத ரேலி சிதறல். அதை 1940-களில் பாலிமருக்குத் திருப்பியவர் டிபை. பாலிஸ்டைரீன் கோடே இதற்குத் தேவையில்லை. ஆனால் இந்த உணரிக்கும் ஓர் எண்ணைக் கையில் கொடுத்தாக வேண்டும்: கரைசல் கெட்டியாகக் கெட்டியாக ஒளிவிலகல் எவ்வளவு மாறும் என்ற எண். அது 5 சதவீதம் தவறினால் எடையும் குறைந்தது அவ்வளவு தவறும். கரைசலில் தூசி கலந்துவிட்டால் தூசியே யானையாகத் தெரியும். விலை உயர்ந்த கருவி வந்துவிட்டதால் பிழை போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

வேண்டியது பெரிய செலவு ஒன்றும் இல்லை. அறிக்கை கொடுக்கும் ஒவ்வோர் ஆய்வகமும் எண்ணுக்குப் பக்கத்தில் சில விஷயங்களை எழுதக் கட்டாயப்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்: எந்த அளவுகோல், எந்தச் சராசரி, எந்தக் கரைப்பான், கரையாமல் நின்றது எவ்வளவு, கூட்டியும் குறைத்தும் எவ்வளவு பிழை இருக்கலாம். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கு அளவீட்டின் ஐயப்பாட்டைக் கணக்கிடுவது ஏற்கெனவே கடமை. பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டை ஏற்கும்போது அதே கேள்வியைக் கேட்டால் போதும். மறுபுறம், புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ‘பாரதிய நிர்தேசக் திரவ்யா’ என்ற பெயரில் நம் நாட்டுக்கான படித்தரப் பொருள்களை, அதாவது அளவுகோல் பொருள்களை, உருவாக்கி வருகிறது. குமரி ரப்பரும் மண்டபத்துக் கேராஜீனனும் அந்தப் பட்டியலில் ஏறட்டும். எவ்வளவு காலத்துக்குத்தான் பாசியைத் தெர்மோகோலின் சொந்தக்காரரை வைத்தோ, வேறு நாட்டுச் சர்க்கரைச் சரடை வைத்தோ அளப்பது?

படித்தரப் பொருள் என்றாலும் அது ஒரே எண்ணைச் சொல்லிவிடாது. அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகம் 1960-களில் வெளியிட்ட 706 என்ற எண்ணுள்ள பாலிஸ்டைரீன் குப்பியின் எடைச் சராசரி ஒளிச்சிதறல் முறையில் சுமார் 2,58,000. மைய விலக்குச் சுழற்சி முறையில் சுமார் 2,88,000. உலகமே அளவுகோலாகக் கொண்ட ஒரே பொடி, திறமையானவர்கள் செய்த இரண்டு முறைகள், பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை அழகாக அச்சிட்டிருக்கலாம். இரண்டையும்தான் சொன்னார்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குச் சோதனைக்கூடம் திட்டமிடுபவர்களின் கொள்முதல் பட்டியலில் எந்திரம் முதல் வரியில் இருக்கும். அதற்கு மேலே ஒரு வரி சேர்க்கலாம்: அங்கே வளரும் பாசியிலிருந்தே எடுத்து, ஐந்தாறு ஆய்வகங்களில் அளந்து, ஒத்துப்போகாத எண்களையும் சேர்த்து எழுதி ஒட்டிய ஒரு குப்பி.